இரண்டாகத் தெரிந்த இழை

என் மகள் தலையைச் சாய்த்துப் பார்க்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் யாரும் பயப்படவில்லை. எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

பட்டு நெய்கிறவர்கள் துணியை நேருக்கு நேராகப் பார்ப்பதில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் பட்டின் மேல் வழுக்கிப்போகும் கோணத்தில் பார்ப்பார்கள். அப்போதுதான் ஓர் இழை தளர்ந்திருந்தாலும் ஜரிகை புரண்டிருந்தாலும் கண்ணில் படும். என் கணவர் தறியில் உட்கார்ந்தால் அரைமணிக்கு ஒரு தடவையாவது அப்படிப் பார்ப்பார். அப்போது ஆறு வயதான என் மகள், தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, இடது தோள் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு அவர் நெய்வதைப் பார்ப்பாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"பாருடி உம்பொண்ணு பாக்குறத. அப்படியே எந்தம்பிதான். ஸ்கூலுக்குப் பீஸு கட்டறது தண்டம். கம்முனு தறியில உக்கார வை" என்பார் என் கணவரின் அக்கா. அடுத்த தெருவில்தான் அவர் வீடு. ஆனால் பகலெல்லாம் எங்கள் வீட்டில்தான் நூல் சுற்றுவார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"தறியில உக்காந்து நான் கோட்டை கட்டிட்டனா? அவ டாக்டராவப் போறா" என்பார் என் கணவர். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால், "கண்ணு, அந்த முந்தியப் பாரு" என்று மகளிடம் சொல்வார். அவளும் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். சேலை வாங்க வந்த கடைக்காரர்கூட சிரித்து, அவள் கையில் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் களம்பூரில் வளர்ந்தவள். என் அப்பா ரைஸ் மில்லில் வேலை செய்தார். பி.எஸ்சி., பி.எட். படித்தேன். தறியைப் பக்கத்தில் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அதனால் தறி சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் இவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பேன். மகளின் பார்வையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

தலைவலி பொங்கலுக்குப் பிறகு வந்தது. காலையில் எழுந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் குளியலறைப் பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுப்பாள். எடுத்ததும் வலி குறைந்துவிடும். பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டு, ஸ்கூல் வேன் வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். இதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"ஸ்கூல் தலவலி" என்று அக்கா அதற்குப் பேர் வைத்தார். "எனக்குங்கூட அஞ்சாவது வரைக்கும் வந்துச்சி. நின்னப்புறம் ஒருநாளும் வரல."

ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தலைவலி வந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். சனிக்கிழமை ராத்திரி பிரியாணி சாப்பிட்டாளே, தூங்க நேரமாகிவிட்டதே, அதனால் பித்தம்.

நான் அப்படிச் சமாதானம் தேடியதற்கு என் பழைய பேர் ஒரு காரணம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, இரண்டு தும்மல் தும்மினாலே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். ஒருமுறை அவள் நாக்கு நீலமாகிவிட்டது என்று அலறிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "நாவல் பழம் குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். வெளியே காத்திருந்தவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என்னுடைய பயம் எதையும் நானே ஒருமுறை அடக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே சொல்வேன். இந்தத் தடவை பொறுப்பான அம்மாவாக, பதற்றமில்லாத அம்மாவாக இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு.

ஒரு வாரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போனேன். வாந்தி எடுக்கிறாள் என்று வயிற்றைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். தலைவலியைக் கடைசியாகச் சொன்னேன். தலை சாய்ப்பதைச் சொல்லவே இல்லை. அது ஒரு நோய்க்குறி என்று தோன்றினால்தானே சொல்வேன்? அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, பூச்சிக்கு மருந்தும் ஒரு சிரப்பும் எழுதினார். குறையவில்லை என்றால் திரும்ப வரச் சொன்னார், கண்ணையும் ஒருமுறை காட்டச் சொன்னார். மருந்து கொடுத்ததும் சில நாள் வலி இல்லாத மாதிரி இருந்தது. பிறகு மறுபடியும் வந்தது.

ஒருநாள் மத்தியானம், குழந்தைக்குக் காலையில் தலைவலி, வாந்தி என்று போனில் தட்டிப் பார்த்தேன். வந்த முதல் வரியைப் படித்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். என் கணவரிடம் மெல்லச் சொன்னேன்.

"ஏங்க, மூளையில கட்டி இருந்தாக்கூட இப்படி வருமாம்."

தறியில் ஊடிழையை ஓட்டும் நாடாவை நிறுத்தாமலே, "போன்ல கேட்டா கால்ல முள்ளு குத்தினாக்கூட கேன்சர்னுதான் சொல்லும். நீ ஏம்மா அத தட்டிப் பாத்து மனச பேஜார் பண்ணிக்கிற?" என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை. பிள்ளைகளுக்கு வரும் தலைவலியில் பெரும்பாலானவை சளி, காய்ச்சல், தூக்கமின்மை, வெயில் இவற்றால் வருபவைதான். அதையும் அந்தப் போனிலேயே படித்திருந்தேன். ஆனால் மனதில் நின்றது முதல் வரிதான்.

மாசி மாதத்தில் ஒரு காலை, எங்கள் தெருவில் பாவு நீட்டினார்கள். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள் அத்தனையையும் வெயில் ஏறுவதற்குள் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து சீர்செய்வார்கள். அன்றைக்கு வண்டிகள் வேறு தெருவில் சுற்றிப் போகும். எங்கள் தெருப் பிள்ளைகள் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பாவுக்கு அடியில் குனிந்து ஓடிப் பழகியவர்கள். ஒருவர் முதுகும் இழையில் படாது. என் மகள் அந்த ஓட்டத்தில் கெட்டிக்காரி.

அன்று அவள் ஓடவில்லை. நடந்துதான் வந்தாள். குடித்தவர்களைப் போலக் கால்களை அகட்டி வைத்து வந்தாள். பாவுக்கு அடியில் குனிந்தவள் நிமிரும்போது தடுமாறி, இரண்டு கையாலும் பட்டு இழைகளை இழுத்துக்கொண்டே விழுந்தாள். தெருவே கத்தியது.

"ஏ, இன்னா புள்ள இது! கண்ணு எங்க இருக்குது உனக்கு?"

"கழுத, நேரா நடக்கத் தெரியல, வந்துட்டா" என்று அக்கா ஓடிவந்து அவளைத் தூக்கினார். தூக்கிய கையிலேயே அவள் வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டேன். அவள் அழவில்லை. பாவையே பார்த்துக்கொண்டு, "அம்மா, ஏன் மேல ஒரு பாவு கீழ ஒரு பாவு கட்டி இருக்காங்க? நான் எதுல குனியறது?" என்று கேட்டாள்.

கட்டியிருந்தது ஒரே ஒரு பாவு.

அவளை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனேன். தறியின் பக்கத்தில் கிடந்த ஜரிகை இழை ஒன்றை எடுத்து, என் இரண்டு கைக்கும் நடுவில் படுக்கைவாட்டில் பிடித்து அவள் முன்னால் காட்டினேன்.

"இது எத்தினி, கண்ணு?"

அவள் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தாள். "ஒண்ணு."

எனக்கு அப்போதுதான் என்னவோ தோன்றியது. இழையை என் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, அவள் தலையை இரண்டு பக்கமும் பிடித்து நேராக நிமிர்த்தினேன்.

"இப்போ?"

"ரெண்டு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

கையை எடுத்தேன். தலை தானாகவே இடது தோளுக்குச் சாய்ந்தது. "இப்ப ஒண்ணுதாம்மா" என்றாள். விளையாட்டு என்று நினைத்து, "இன்னொரு தபா" என்று சிரித்தாள்.

என் கணவர் அந்த இழையைக் கையில் பிடித்தபடி நின்றார். இத்தனை நாளாக விருந்தாளிகளுக்குக் காட்டி மகிழ்ந்த பார்வை அது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "மத்தியானம் வரைக்கும் பொறு. இந்த முந்திய முடிச்சிட்டு வந்துர்றேன், போய்க் கண்ண காட்டுவோம்" என்றார். கல்யாணச் சேலை, முகூர்த்தம் நெருங்கியிருந்தது. நானும் சரி என்றேன். அவர் சொன்னால் சரி என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

சோறு வைத்தேன். குழம்புக்குப் புளி கரைத்தேன். இடையிடையே போய் மகளைப் பார்த்தேன். பகலில் தூங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவள், பத்து மணி வெயிலில் வெறுந்தரையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் ம் என்றுவிட்டு மறுபடியும் கண்ணை மூடினாள். வாசலுக்கும் அடுப்புக்கும் எத்தனை தடவை நடந்தேனோ. போய் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் இன்னொரு நாவல் பழக் கதை ஆகிவிடும். ஆனால் ஆகட்டுமே, அதனால் என்ன நஷ்டம்? இந்தக் கேள்வியை நான் அதற்கு முன் கேட்டுக்கொண்டதே இல்லை. அடுப்பை அணைத்தேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, தறியில் இருந்தவரிடம்கூடச் சொல்லாமல் வெளியே இறங்கினேன்.

தெருமுனையில் அக்கா மறித்தார்.

"இந்த வெயில்ல புள்ளைய இட்டுகினு எங்க கெளம்பிட்ட?"

"கண் டாக்டருக்கு அக்கா."

"ஆரம்பிச்சிட்டியா? அன்னிக்கு நாவப்பழம், இன்னிக்கு இன்னா, கொய்யாப்பழமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் தோளிலிருந்து மகளை வாங்கி அவர் இடுப்பில் வைத்துக்கொண்டார். "எலும்பும் தோலுமா இருந்துகினு இத்தப் பெரிய பொண்ண தூக்குறா பாரு. வா, ஆட்டோ புடி, ஜல்தி" என்றார்.

கண் டாக்டர் ஒரு பெண்மணி. இழை இரண்டாகத் தெரிந்ததையும், காலைத் தலைவலியையும், வாந்தியையும், நடையையும் இந்தத் தடவை ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போதே, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிற்பது எனக்கே கேட்டது. அவர் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்து, ஒளியடித்து இரண்டு கண்ணுக்குள்ளும் வெகு நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடி போட்டு சரி பண்ற விஷயம் இல்லம்மா. கண்ணுக்குப் பின்னாடி நரம்பு வீங்கி இருக்கு. தலைக்குள்ள அழுத்தம் கூடினா இப்படி இருக்கும். எதனாலன்னு ஸ்கேன்லதான் தெரியும். வேலூர் போங்க."

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல..."

"இன்னிக்கே. இப்பவே. நான் போன் பண்ணிச் சொல்றேன்."

அக்கா அங்கிருந்தே தன் தம்பிக்குப் போன் செய்தார். "முந்தியும் வேணாம் ஒண்ணும் வேணாம், எழுந்து வாடா" என்றார். என் கணவர் வேட்டியில் ஒட்டியிருந்த நூலோடு ஓடிவந்தார். கார் பிடித்து, கண்ணமங்கலம் வழியாகப் போனோம். வழி முழுக்க மகள் என் மடியில் தூங்கினாள். நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். சிறுமூளையில் ஒரு கட்டி இருந்தது. மூளையைச் சுற்றி ஓடும் நீர் இறங்குகிற வழியை அது அடைத்திருந்தது. நீர் தேங்கி அழுத்தம் கூடியதால் தலைவலி. படுத்திருக்கும்போது அது இன்னும் கூடுமாம், அதனால்தான் காலையில் வலி, வாந்தி. அறுவை செய்யப்போகும் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"தலைய எப்பலேர்ந்து சாய்க்கிறா?"

என் கணவர்தான் பதில் சொன்னார். "நாங்க நெசவுக்காரங்க சார். எங்க பார்வை அவளுக்கு வந்துருக்குதுன்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டாத் தெரியறத ஒண்ணாக்கிக்க அவளாவே கண்டுபிடிச்ச வழி அது. கெட்டிக்காரப் பொண்ணுதான்" என்றார்.

"முடி பூரா எடுத்துடுவீங்களாங்க?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார். இவ்வளவு பெரிய விஷயத்தில் இதுவா கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. பின்னால் மட்டும் கொஞ்சம் எடுப்போம் என்று டாக்டர் சொன்னதும், அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கேட்கத் தெரிந்த கேள்வி அவருக்கு அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அறுவை நடந்த பகலைப் பற்றி எனக்கு அதிகம் எழுதத் தெரியவில்லை. நாற்காலிகள் சில்லென்று இருந்தன. என் கணவர் தன் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நாங்கள் மூவரும் எழுந்து நின்றோம். கடைசியில் டாக்டர் வந்து, பார்த்தவரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்றார். சில நாள் கழித்துப் பரிசோதனை முடிவும் வந்தது. வேகமாகப் பரவுகிற வகை இல்லை. மருந்தோ கதிர்வீச்சோ இப்போது தேவையில்லை. ஆனால் பல வருடங்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஒரு மாசம் முன்னாடியே வந்திருந்தா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா பார்வை நரம்பு கெட்டிருக்கலாம். அதுக்கு முன்னாடி வந்துட்டீங்க" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். இப்போதும் சில நாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

வீட்டுக்கு வந்தவள் பழைய பெண்ணாக வரவில்லை. ஸ்பூன் வாய்க்குப் போகாமல் கன்னத்தில் இடித்தது. நடந்தால் அறை முழுவதும் ஆடுகிற மாதிரி நடந்தாள். என் கணவர் காலையில் தறியில் உட்காருவதற்கு முன் அவளைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போவார். முதலில் இரண்டு கை பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு ஒரே ஒரு விரல். எதிரில் வருகிறவர்கள் பரிதாபமாகப் பார்த்தால், "இன்னா பாக்குறீங்க, நடைப் பந்தயத்துக்கு ரெடி பண்ணிகினு இருக்கோம்" என்பார். கண்ணுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் தலைச் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் பார்த்தால் நேராக இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது அக்காதான். "ஏய், எம்பொண்ணு நெட்டுக்கு நிக்கிறாடி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

தறிக்குழிக்குப் பக்கத்தில் அவள் இப்போதும் உட்காருவாள். நேராகத்தான் பார்க்கிறாள். துணியில் அவளுக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. கணக்கில் மட்டும் குறையில்லாமல் தப்பு விடுகிறாள்.

தெருப் பெண்கள் சிலர் தங்கள் பிள்ளைகளுக்குத் தலைவலி என்று என்னிடம் வருகிறார்கள். ஒருத்தி ஜரிகை இழையையே கையில் எடுத்து வந்து, "எம்பையனுக்கும் புடிச்சிக் காட்டுங்க" என்றாள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு சைனஸ்தான். ஆனால் எல்லோரிடமும் சில கேள்விகள் கேட்பேன். காலையில் எழும்போதே வலிக்கிறதா, வாந்தி உண்டா, வாரக் கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறதா, நடை, பார்வை, கழுத்து, சுபாவம் ஏதாவது மாறியிருக்கிறதா. இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக டாக்டரிடம் சொல்லுங்கள், வயிற்றை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள் என்பேன். சிரிப்பார்களோ என்று பார்க்காதீர்கள் என்றும் சொல்வேன். சொல்லிவிட்டு, அவர்களைத் தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டேனோ என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சுபாவம் போகவில்லை.

போன மாதம் எடுத்த ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. அடுத்ததை ஒரு வருடம் கழித்து எடுத்தால் போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் சைக்கிள் கேட்டாள். வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். உடம்பைச் சமன் செய்கிற இடத்தில்தானே கத்தி வைத்தார்கள் என்று எனக்குப் பயம். "டாக்டரே ஓட்டலாம்னு சொன்னாரும்மா, நானே கேட்டுட்டேன்" என்றாள். எப்போது கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் யாரிடமோ பழைய சைக்கிள் ஒன்று வாங்கி வந்தார். நேற்றுச் சாயங்காலம் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். நான் வாசலில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் கையை விட்டது எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. ஏழெட்டு வீடு தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். பிறகு திரும்பிப் பார்த்தாள், சைக்கிள் வளைந்தது, தடாலென்று விழுந்தாள்.

நான் ஓடினேன். பக்கத்தில் போய் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். முட்டியில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"தல வலிக்கல, வாந்தி வரல, ஒண்ணு ஒண்ணாத்தான் தெரியுது" என்று ஒரே மூச்சில் சொன்னாள். "முட்டிதாம்மா எரியுது. அதுக்கு எதனா போடு."